கம்பெனியிலிருந்து வந்தவர்

"உங்க சாஃப்ட்வேரைத் தூக்கிக் கடல்ல போடுங்க!"

சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து வந்தவர் நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை. தியுர்மா கத்தத் தொடங்கிவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே, பாத்தாம் தீவின் வெயிலில், அவளுடைய கப்பல் பட்டறையில் பாதி கட்டிய இழுவைப் படகு ஒன்று நின்றது. கம்ப்யூட்டர் வரைபடத்தை வைத்து வெட்டிய இரும்புத் தகடுகளில், குழாய் நுழைய வேண்டிய துளைகள் ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தன. வேறு பட்டறை பார்த்துக்கொள்கிறேன் என்று படகுக்காரர் காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"நான்தான் அப்பவே சொன்னேனே, இபு. கோளாறெல்லாம் சாஃப்ட்வேர்லதான்," என்றான் வரைபடப் பிரிவுத் தலைவன் பாங்குன். அந்த ஊரில் மரியாதையாக அழைக்க, பெண்ணுக்கு 'இபு', ஆணுக்கு 'பாக்'.

"நீ பேசாத! கம்பெனிக்குப் போன் போடுன்னா, 'அவங்க கண்டுக்க மாட்டாங்க'ன்னு தள்ளிவிட்டுக்கிட்டே இருந்தே. இப்ப பாரு, அவங்களே தேடி வந்திருக்காங்க."

பாங்குன் ஏசிக்கு நேர்கீழே நின்றுகொண்டு நெற்றியைத் துடைத்தான்.

வந்தவர் பெயர் ஹர்சோனோ. மடிக்கணினியோ கருவியோ எதுவும் கொண்டுவரவில்லை. கொடுத்த ஐஸ் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "எவ்வளவு நாளா உபயோகிக்கிறீங்க, இபு?" என்றார்.

"வருஷக்கணக்கா! இந்த மாடி முழுக்க அந்தச் சனியன்தான். ஒரு கம்ப்யூட்டர் பாக்கியில்ல."

"நீங்க சொல்றதைப் போன்ல பதிவு பண்ணிக்கலாமா?"

"இபு, வேண்டாம்..." என்று பாங்குன் இழுத்தான்.

"ஏன் வேண்டாம்? நல்லா பண்ணுங்க, பாக். உங்க முதலாளிக்கே போட்டுக் காட்டுங்க!"

போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு அவள் பொரிந்து தள்ளினாள். பாதி வேலையில் தானாக மூடிக்கொள்கிறது, சேமித்தது காணாமல் போகிறது, நேற்று வைத்த அளவு இன்று மாறிக் கிடக்கிறது. இதை நம்பி எவனாவது கப்பல் கட்டுவானா?

ஹர்சோனோ போனைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தார். "ரொம்ப நன்றி, இபு."

"நன்றியா? இப்படி ஒரு ஓட்டைச் சரக்கை எங்க தலையில கட்டினீங்களே, வெக்கமா இல்ல உங்களுக்கு?"

ஹர்சோனோ பாங்குனைப் பார்த்தார். பாங்குன் கதவைப் பார்த்தான்.

"நாங்க உங்களுக்கு எதையும் வித்ததே இல்லையே, இபு!"