அளவெடுத்த சொல்

"என்னைப் பார்த்து 'டியூட்'னு சொல்லிட்டான் சார்! என் வயசென்ன, அவன் வயசென்ன?"

தையற்காரர் கோபத்தில் இஞ்ச் டேப்பை இழுத்த இழுப்பில், கோட்டுக்கு அளவு கொடுக்க முதல் தடவையாகக் கடைக்கு வந்திருந்த ஆங்கில வாத்தியார் ஒரு சுற்றுச் சுற்றி நின்றார்.

"யாருங்க அது?"

"என் பொண்ணு விரும்பற பையன். நேத்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா. வந்ததும் வராததுமா 'ஹாய் டியூட்'ங்கறான். சாயங்காலம் அவளுக்குப் பதில் சொல்லியாகணும். முடியாதுன்னு சொல்லிடப் போறேன். கையைத் தூக்குங்க."

வாத்தியார் தூக்கினார். "அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியுமா?"

"பொறுக்கின்னு இருக்கும்."

"ஐயையோ, இல்ல! அந்தக் காலத்துல, உடுப்புலயே உசுரை வெச்சிருந்த ஆளுக்குத்தான் அந்தப் பேரு. மடிப்புக் கலையாத மைனர்னு வெச்சுக்குங்களேன்."

தையற்காரரின் கை நின்றது. எதிரே இருந்த கண்ணாடியில் தன் சட்டைக் காலரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"எங்கேருந்து சார் வந்துச்சு அந்தச் சொல்லு?"

"அதுல பண்டிதருங்களே இன்னும் அடிச்சுக்கறாங்க. துணிமணியைக் குறிக்கிற ஒரு பழைய சொல்லுலேருந்துன்னு ஒரு கட்சி. ஏதோ பாட்டுலேருந்துன்னு ஒரு கட்சி."

"துணிதான் சார்! பாட்டாவது, கூத்தாவது!"

"முதல்ல கிண்டலாத்தான் சொன்னாங்க. போகப் போகக் கூட்டாளின்னு ஆயிடுச்சு. இப்போ மனசுக்குப் பிடிச்சவங்களையெல்லாம் அப்படித்தான் கூப்பிடறாங்க."

தையற்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால், மீசையில் மண் ஒட்டியதைக் காட்டிக்கொள்ள முடியுமா?

"இருந்தாலும், பையனைக் குத்தம் சொல்லி என்ன சார்? வளர்த்தானே அப்பன், அவனைச் சொல்லணும்!"

வாத்தியாருக்குத் திடீரென்று இருமல் வந்தது. மார்பளவு இரண்டு இஞ்ச் தப்பிப்போய், மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

"அசையாதீங்க சார்... பொண்ணும் அவன்மேல உசுரா இருக்கா. போகுது, சரின்னே சொல்லிடறேன். ஆமா, கோட்டு என்னிக்கு வேணும்?"

"கல்யாணத்துக்குப் போட்டுக்கணும்."

"கல்யாணம் எப்போ?"

"அதை நீங்கதானே சொல்லணும், சம்பந்தி!" என்றார் வாத்தியார், தூக்கிய கையைக் கும்பிடாக மாற்றியபடி. "வளர்ப்பைப் பத்திச் சொன்னீங்களே, அதுவும் நெசந்தான். வீட்டுல அவனுக்கு நானும் 'டியூட்'தான்."