இன்னொரு தடவை

"நானும் ஒரு ஆளுதானே? நான் கேட்டா அந்தப் பாட்டைப் பாடக் கூடாதா?" என்றாள் அமிர்தவல்லி.

மேடைக்குப் பின்னால் கிடாரின் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்த கிருஷ்ணசாமி தலை நிமிரவில்லை. "கூட்டம் கேக்கணும் அமிர்தம். அதான் வழக்கம்."

"இருபத்தாறு வருஷமா இதையே சொல்றீங்க."

'லே வாக்' என்றால் அலைகள். பிரெஞ்சுப் பள்ளியில் ஒன்றாகப் படித்த கிருஷ்ணசாமி உட்பட நான்கு பேர் எழுபதுகளில் சேர்ந்து தொடங்கிய ராக் குழு அது. அந்தக் காலத்தில் அவர்கள் மேடையை விட்டு இறங்கும்போது புதுச்சேரிக் கூட்டம் "பீஸ், பீஸ்" என்று கத்துமாம். மற்ற ஊர்களில் ஒன்ஸ்மோர் கேட்பார்களே, அதற்கான பிரெஞ்சுச் சொல். அப்படிக் கேட்டால் மட்டும் பாடுவதற்கென்று ஒரு பாட்டைத் தனியாக வைத்திருந்தார்கள். அமிர்தவல்லி கல்யாணமாகி வருவதற்குள் குழு கலைந்துவிட்டது. அந்தப் பாட்டை அவள் கேட்டதே இல்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கிருஷ்ணசாமி நாள் முழுக்க மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தார். இந்த ஜூன் மாத இசை விழாவுக்குப் பழைய குழுக்களைக் கூப்பிட்டார்கள். ஒத்திகை தொடங்கியதிலிருந்து மனிதர் குளிக்கும்போது விசில் அடிக்கிறார். இன்னொரு தோசை கேட்கிறார்.

"இன்னிக்கு ஒருத்தனும் பீஸ் கேக்கலன்னா கிடாரைப் பரண்ல போட்டுடுவேன்" என்றார் இப்போது, மெதுவாக.

டிரம்ஸ் வாசிக்கும் உத்திராபதி குச்சியால் தொடையைத் தட்டிக்கொண்டே சிரித்தார். "இப்ப இருக்கிற பசங்களுக்கு நம்ம யாருன்னே தெரியாது. கெழவனுங்க எப்ப எறங்குவானுங்கன்னு பாப்பானுங்க. தங்கச்சி, நீயே ஒரு கொரல் குடுத்துடும்மா."

"கட்டுனவ கேட்டா கணக்குல வராதுடா."

அமிர்தவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இருட்டில் யார் குரல் என்று யாருக்குத் தெரியப் போகிறது? ஒரு வாரமாக அடுக்களையில், மிக்ஸி ஓடும் சத்தத்தில், அவள் அந்தச் சொல்லைக் கத்திப் பழகியிருந்தாள்.

கடற்கரைச் சாலையில் ஊரே காற்று வாங்க வந்திருந்தது. உட்கார்ந்தவர்கள் பாதி, நடந்துகொண்டே கேட்டவர்கள் பாதி. 'லே வாக்' வாசித்தது. தொப்பையும் நரையுமாக நான்கு பேர். முதல் இரண்டு பாட்டுகளில் மூச்சு வாங்கியது. பிறகு பாறைகளில் மோதும் அலை தாளத்தோடு சேர்ந்துகொண்டதுபோல் அவளுக்குத் தோன்றியது. தன் கணவரைத் தனக்கு முன்பின் தெரியாதவர்போல், மேடையோரத்தில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

கடைசிப் பாட்டு முடிந்தது. மரியாதைக்குக் கைதட்டினார்கள். சிலர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்கள்.

இப்போதுதான். அமிர்தவல்லி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கிருஷ்ணசாமி கிடாரின் வாரைத் தோளிலிருந்து கழற்றத் தொடங்கினார்.

"பீஸ்! பீஸ்!"

மேடைக்குப் பின்புறம், ஜெனரேட்டர் வண்டிப் பக்கமிருந்து ஓர் ஆண்குரல். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் கையை உயர்த்தி ஆட்டியபடி கத்திக்கொண்டிருந்தார். முன்வரிசையில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்கள், கடைசியில் அர்த்தம் தெரியாத ஐஸ்கிரீம்காரர்கூட. "பீஸ்! பீஸ்! பீஸ்!"

கிருஷ்ணசாமி வாரைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

பாட்டு மிக மெல்லத் தொடங்கியது. அமிர்தவல்லிக்குப் பிரெஞ்சில் நாலு வார்த்தைதான் தெரியும். அந்த நாலும் பாட்டில் இல்லை. அதனால் ஒன்றும் குறையவில்லை. முதல் அடி முடியும் முன்பே மேடையின் வண்ண விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன, பாட்டுக்கென்றே அணைத்ததுபோல. கடலின் கறுப்பு மேடைவரை வந்து நின்றது. நான்கு பேரும் வெறும் நிழல்களானார்கள். அந்த நிழல்களுக்கு நரையில்லை, தொப்பையில்லை. இருபது வயதுப் பையன் ஒருவன் இருட்டிலிருந்து அவளைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தான். தான் நிற்பது சாலையா தண்ணீரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பாட்டு முடிந்தது. கைதட்டியவர்கள் நிறுத்தவேயில்லை.

கிருஷ்ணசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். "வர்ற மாசம் காரைக்கால்ல வாசிக்கக் கூப்புடறாங்க. வர்றோம்னு சொல்லிட்டேன். அமிர்தம், மொதல்ல கேட்டாரே ஒருத்தர், அவரு நம்ம பழைய ரசிகரா இருப்பாரு. போயிடப் போறாரு, பாரு."

அவள் ஜெனரேட்டர் வண்டிக்கு ஓடினாள். காக்கிச் சட்டைக்காரர் ஏதோ பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். சவுண்ட் சர்வீஸ் அம்மாவாசை என்று சட்டையில் தைத்திருந்தது.

"நீங்கதானே மொதல்ல கத்துனீங்க?"

அவர் மிரண்டுபோனார். "ஆமாம்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பா? எங்க வீட்டுக்காரர் உங்களைத்தான் தேடறாரு. அந்தப் பாட்டு உங்களுக்கு அவ்ளோ புடிக்குமா?"

"எந்தப் பாட்டும்மா?" அம்மாவாசை தலையைச் சொறிந்தார். "லோடு தாங்காம பீஸ் கட்டை பொகைய ஆரம்பிச்சுது. கலர் லைட்டையெல்லாம் புடுங்கிட்டு மைக்குக்கு மட்டும் கரண்டு வுடச் சொல்லி எங்க ஆளுக்குக் கொரல் குடுத்தேன். பீஸ் போவுதேன்னு நான் ஒருத்தன் கத்துனா, ஊரே எதுக்கும்மா சேர்ந்து கத்துச்சு?"