இருசம்மாளின் பிராது

“பிராதை எடுத்துடு இருசம்மா. உன் காலுல விழறேன்.”

ராஜாங்கம் கெஞ்சியதைக் கேட்டுக் காலனித் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. நைனார்பாளையம் பக்கம் பெரிய நிலக்காரர். அவரிடம் கூலிக்குப் போகாத குடும்பம் அந்தத் தெருவில் இல்லை. அவர் அங்கே முதல்முறையாகக் கால் வைத்தது அன்றுதான், அதுவும் பயத்தில். வலது கை துணி மாதிரி தொங்கியது. மகன் காசிநாதன் தாங்கிப் பிடித்திருந்தான்.

“மாட்டேன் ஆண்டே. போங்க” என்றாள் இருசம்மாள்.

இந்தப் பகை பழையது. அவள் மகன் வீரமுத்து சின்ன வயதில் ராஜாங்கத்தின் மாடுகளை மேய்த்தான். ஒருநாள் வானத்தில் போன விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். மாடு கரும்பில் இறங்கிவிட்டது. ராஜாங்கம் தடியால் அடித்ததில் பிள்ளைக்கு இடது கை முறிந்தது.

இருசம்மாள் அவர் வீட்டு எதிரே நடுத்தெருவில் மண்ணை வாரித் தூற்றினாள்.

“கொளஞ்சியப்பர் கோயில்ல உம்மேல பிராது கட்டறேன்டா!”

அந்தக் கோயிலில் குறையை எழுதி வேலில் கட்டினால் சாமியே விசாரிப்பார். கட்டியவர் போய் எடுக்கிறவரை வழக்கு தீராது.

அன்றிலிருந்து ராஜாங்கம் எந்தக் கூலிக்காரன் பிள்ளையையும் அடிக்கவில்லை, மாடு மேய்க்கக் கூப்பிடவும் இல்லை. மாட்டுக்கொட்டாயில் கிடந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். வீரமுத்துவும் போனான். உதவித்தொகையில் படித்தான். விமானம் ஓட்டக் கற்கப் போன இடத்தில், கோணல் கையைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போனான். மறுபடி அனுப்பினார்கள். விடாமல் போய்த்தான் விமானி ஆனான். இப்போது லீவில் வந்தவன், அம்மாவுக்குப் பின்னால் வாசலில் நிற்கிறான்.

போன மாசம் ராஜாங்கத்துக்குக் கை விழுந்துவிட்டது. அடித்த கையையே சாமி எடுத்துக்கொண்டது என்றது ஊர்.

“உன் மவன் பிளேன் ஓட்டறான். இன்னும் உனக்கு இன்னாம்மா கொறை?” ராஜாங்கம் அழுதேவிட்டார். “நான் சாவறதுக்குள்ள எடுத்துடு தாயே!”

“மாட்டேன்னா மாட்டேன்.”

பணக்காரன் அழுதால் ஏழைக்குத் தாங்காது. தெரு மொத்தமும் அவர் பக்கம் சாய்ந்தது.

“கல்லுகூட கரையும்டி” என்றாள் பக்கத்து வீட்டுத் தைலம்மாள். “மவன் ஆகாசத்துல பறக்கறான்னதும் உனக்குக் காலு தரையில பாவல போல!”

காசிநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு அப்பனைக் காருக்கு நடத்திப் போனான். கார் போகும்வரை இருசம்மாள் அசையவில்லை.

உள்ளே வந்ததும் வீரமுத்து கதவைச் சாத்தினான்.

“எம்மா, அடி வாங்கினவன் நான். நானே மறந்துட்டேன். உனக்கு ஏம்மா இவ்ளோ வன்மம்? நாளைக்குக் கோயிலுக்கு இட்டுக்கினு போறேன். வந்து எடுத்துடு.”

“கட்டினாத்தானடா எடுக்கறதுக்கு?”

வீரமுத்து கதவுக்குத் தாழ்ப்பாளையும் போட்டான்.

“அன்னிக்கு நான் எங்கடா கோயிலுக்குப் போனேன்? உன்னைத் தோளுல போட்டுக்கினு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கில்ல ஓடினேன்! வூட்டுக்கு வந்து பாத்தா, நான் கட்டிட்டேன்னு நெனச்சுக்கினு அந்தாளு அடங்கிக் கெடந்தாரு. நானும் அப்படியே வுட்டுட்டேன்.”

“அப்போ அவருக்கு வந்தது…”

“அது வெறும் வாதம்டா.”

“அதை அவருகிட்டச் சொல்லிடேம்மா. பாவம், நிம்மதியா சாவட்டும்.”

“சொன்னா மவனுக்கும் தெரிஞ்சுபூடும்” என்றாள் இருசம்மாள். “காசிநாதன் அப்பனைவிட மோசம். அப்பன் கை விழுந்ததைப் பாத்துத்தாண்டா, அவன் நம்ம புள்ளைங்க மேல கையை ஓங்காம இருக்கறான்.”