குட்டிக்கு ஒரு சட்டை

“ரத்தத்தைக் கழுவிடாதே, வாடை போயிடும்!”

கொட்டகைக்குள்ளிருந்து அவர் போட்ட சத்தத்தில், தண்ணீர் வாளியோடு வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் கையில் கத்தி இருந்தது. காலையில் செத்துப் பிறந்த குட்டியின் தோல், கால் நுழைக்க நான்கு ஓட்டைகளோடு சின்னச் சட்டைபோல் தரையில் விரிந்து கிடந்தது.

ஆட்டு வியாபாரி தான் கொண்டுவந்த சாக்கைப் பிரித்தார். உள்ளே நேற்றுப் பிறந்த வேறொரு குட்டி. அதை ஈன்ற ஆடு உடனே செத்துவிட்டதாம்.

“புட்டிப் பாலைத் தொடமாட்டேங்குதுண்ணே. வெச்சுக்கறதா இருந்தா இப்பவே சொல்லுங்க. இருட்டறதுக்குள்ள தாய்ப்பால் உள்ள போகலேன்னா இது தேறாது.”

“இருக்கற ஆடுகளுக்கே தீவனம் பத்தலை. நீ சொல்லியனுப்பினதும் தோலை உரிச்சு வெச்சுட்டேன், ஆனா இதுல இன்னொண்ணா?” என்று இழுத்தவர், மூலையில் நின்ற தாய் ஆட்டைப் பார்த்தார். “சரி, வெச்சுக்கறேன். தோலை மாட்டிவிட்டா தன் குட்டின்னு நம்பிடும்.”

“வேண்டாங்க” என்றாள் மனைவி. “பெத்தவளை ஏமாத்த முடியாது. குட்டியை அப்படியே விட்டு, ஏத்துக்கிறியான்னு கேட்டுப் பாருங்க.”

“ஆட்டுகிட்ட எப்படிக் கேக்கறது? மனு எழுதிக் குடுக்கட்டுமா?”

வியாபாரி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“முட்டித் தள்ளிட்டா இதுவும் போயிடும். காலையில ஒண்ணைப் பொதைச்சது போதாதா?” என்றார் அவர்.

தாய் ஆடு வெறும் வைக்கோலை மோந்து மோந்து கத்திக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அதே கத்தல். அவர் சாக்கிலிருந்த குட்டியைத் தூக்கி, தோலை மாட்டத் தொடங்கினார்.

மகள் பிறந்த சமயத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜன்னி கண்டு, கண்ணைத் திறக்காமலே “குழந்தை எங்கே, குழந்தை எங்கே” என்று மனைவி அரற்றிய குரலும் இப்படித்தான் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் பிள்ளை பெற்றவள் அன்றைக்குத்தான் பச்சைக் குழந்தையை விட்டுவிட்டுச் செத்துப்போயிருந்தாள். கண் விழித்ததும் அவர் துணியில் சுற்றிய மகளைக் கொண்டுவந்து மடியில் வைத்த பிறகுதான் இவள் ஓய்ந்தாள்.

அவர் காதில் மட்டும் அந்தக் குரல் இன்றுவரை ஓயவில்லை. தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும்போதும், சாப்பிட உட்காரும்போதும் திடீரென்று கேட்கும். கையில் எடுத்த சோறு அப்படியே நின்றுவிடும்.

“கை பழகின மாதிரி மாட்டறீங்களே! முன்னாடி செஞ்சிருக்கீங்களாண்ணே?” என்றார் வியாபாரி.

“ஒரே ஒரு தடவை” என்று சொல்லிவிட்டு அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். எப்போது என்று கேட்கவில்லை.

குட்டியை ஆட்டின் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஆடு முதுகுத் தோலை மோந்தது. பிறகு தோல் மூடாத தலையை மோந்தது. சட்டென்று பின்வாங்கிக் கொம்பைத் தாழ்த்தியது. குட்டியை இழுத்துக்கொள்ள அவர் கையை நீட்டினார்.

குட்டி ஈனமாக ஒரு குரல் கொடுத்தது. ஆடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கொம்பை நிமிர்த்திக்கொண்டு, அந்தத் தலையையே நக்க ஆரம்பித்தது. குட்டி தட்டுத்தடுமாறி மடியைப் பிடித்ததும் கத்தல் நின்றது.

“பொழைச்சுக்கும்ணே” என்று சாக்கை உதறி மடித்துக்கொண்டு வியாபாரி கிளம்பினார்.

“பாத்தியா, நம்பிடுச்சு!” என்றார் அவர். கண் கலங்கியிருந்தது.

“நம்பலைங்க. வேற குட்டின்னு தெரிஞ்சுதான் பால் குடுக்குது.”

“அது உனக்கெப்படித் தெரியும்?”

அதற்குள் வேலையிலிருந்து திரும்பிய மகள், “அம்மா, பசிக்குது!” என்று வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

“இதோ வந்துட்டேன் கண்ணு” என்று பதில் குரல் கொடுத்தவள், கணவரின் தோளில் கை வைத்து மெதுவாகச் சொன்னாள்:

“நானும் தெரிஞ்சுதானே குடுத்தேன்.”