இருபத்தேழாம் நம்பர்

மாலை போட்டிருந்த படத்தின் முன்னால் டாக்டர் பால்வண்ணநாதன் இரண்டு நிமிடம் கண்ணை மூடி நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் மூடினார்.

“சாரல் உள்ள அடிக்கும் சார்” என்று சண்முகசுந்தரி வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். குற்றாலத்தை ஒட்டிய இலஞ்சியில் காலை பத்து மணிக்கே அந்த அறை இருட்டிக்கொண்டது. படத்துக்குக் கீழே விளக்கு மட்டும் ஆடியது.

வருவதாக டாக்டர் முந்தின நாளே போன் செய்திருந்தார். பெரிய மனிதர்கள் துக்கம் விசாரிக்கவும் நேரம் குறித்துக்கொண்டுதான் வருவார்கள், அது பதினாறு வருடத்துப் பழைய துக்கமாக இருந்தாலும்.

“எச்.ஐ.வி. ஆராய்ச்சியில நூத்தி எண்பத்தேழு கட்டுரை எழுதியிருக்கேன்மா. அதுல நூத்திப் பன்னெண்டு உங்க வீட்டுக்காரரப் பத்தி.”

“அவ்வளவு எழுதுததுக்கு அவிய என்ன சார் செஞ்சாவ?”

“இறந்தாரு.”

அவள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள்.

“மாத்திரையை நிறுத்தினாரு, பதினோராம் மாசம் இறந்தாரு. அதுலதான் ‘நிறுத்தினா பதினோரு மாசம்’ங்கிற என் விதியே பிறந்தது. வெளிநாட்டுல அதுக்கு என் பேரையே வச்சிருக்காங்க.” டாக்டர் கொஞ்சம் தயங்கினார். “ஆமா, அவரு பேரு என்ன?”

“சுடலையாண்டி.”

நூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளில் ஒன்றிலும் அந்தப் பெயர் கிடையாது. அங்கே அவர் இருபத்தேழாம் நம்பர். டாக்டர் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. குப்பியில் வந்த ரத்தத்தைத்தான் பார்த்திருக்கிறார். மற்றதெல்லாம் வீடு வீடாகப் போன ஊழியர் ஏசுவடியானின் நோட்டில் இருந்தது. ஓயாத வறட்டு இருமல். பதினோரு மாதமாக மாத்திரை வாங்க வரவில்லை. கடைசி வரி: வீட்டில் மாலை போட்ட படம்.

“ஏசுவடியான் அண்ணாச்சி ஜீப்புல வருவாவ. ஜீப்பு மேல என்ன சீக்கு பேரு எழுதியிருக்கும்னு உங்களுக்கே தெரியும். வாசல்ல நின்னா தெருவே எட்டிப் பாக்கும்” என்றாள் சண்முகசுந்தரி. “படத்துல மாலை விழுந்த பெறவுதான் சார் அது வாரது நின்னுச்சு.”

டாக்டர் பாதியைத்தான் கேட்டார். உள்ளறையில் யாரோ இருமினார்கள்.

அந்த இருமல் அவருக்குப் பழக்கம். ஜெனீவா மாநாட்டிலும் டர்பன் மாநாட்டிலும், திரையில் இருபத்தேழாம் நம்பர் வந்தாலே கடைசி வரிசையிலிருந்து கேட்கும். கூட்டம் என்றால் நாலு பேர் இருமத்தான் செய்வார்கள், அதுவும் இவர் பேச்சுக்கு. ஆனால் போன மாதம் வீட்டில் தனியாகக் குளிக்கும்போதும் கேட்டது.

“உள்ள யாரும்மா?”

“யாருமில்ல சார். காத்து.”

குற்றாலத்துக் காற்று இருமும் என்று டாக்டர் எந்தக் கட்டுரையிலும் படித்ததில்லை. அவளைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். படத்துக்கு நேர் கீழே சுண்ணாம்புத் தூள் கொஞ்சம் உதிர்ந்து கிடந்தது. பழைய சுவர்.

“நான் நிம்மதியாத் தூங்கி வருசக்கணக்காச்சும்மா. அதுக்கு ஒரு பரிகாரம் செய்யப் போறேன். இன்னைக்குச் சாயங்காலம் குற்றாலத்துல எனக்குப் பாராட்டு விழா. தென்காசிப் பெரிய மனுசங்க எல்லாரும் வர்றாங்க. இந்தப் படத்தத் திரை முழுக்கப் போட்டு, பேரு ஊரு சொல்லி, எய்ட்ஸ்ல இறந்து அறிவியலுக்கு உயிர் குடுத்தவர்னு சபையையே எழுந்து நிக்க வைக்கப் போறேன்.”

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். “வேண்டாம் சார். எம் மவ உமாவ கீழப்பாவூர்ல குடுத்திருக்கு. சம்பந்தி வீட்டுக்கு இது தெரியாது. தெரிஞ்சா பிள்ளையோட கொண்டாந்து விட்டுருவாவ.”

“தியாகத்த மறைக்கக் கூடாதும்மா.”

“பேரு வெளிய வராதுன்னு சொல்லித்தான சார் கையெழுத்து வாங்குனிய?”

“அது உயிரோட இருக்கிறவங்களுக்குத்தாம்மா” என்று டாக்டர் விளக்கினார். விளக்கிக்கொண்டே படத்தைச் சுவரிலிருந்து எடுத்தார். ஆணியும் கூடவே வந்துவிட்டது.

உள்ளறைக் கதவு திறந்தது. முதலில் இருமல் வந்தது, பின்னால் ஆள் வந்தார். படத்தில் இருந்த அதே முகம், பதினாறு வயது கூடியிருந்தது.

டாக்டரின் முதுகு சுவரில் ஒட்டிக்கொண்டது. வந்தவர் அவரைத் தொடாமல் படத்தை மட்டும் வாங்கினார். ஆணியை அதன் ஓட்டையிலேயே கட்டைவிரலால் அழுத்தினார், படத்தை மாட்டினார், தன் மாலையைத் தானே சரிசெய்தார்.

“மாசாமாசம் ரயிலேறி மலை தாண்டிப் போயி மாத்திரை வாங்குதேன் சார். அங்கன என்னைய யாருக்கும் தெரியாது. ஒரு நாள்கூட நிறுத்தல. இந்தப் படமும் மாலையும் உங்க ஆளுக வந்தா மட்டுந்தான். தெருவுக்கு என் சீக்கு தெரியாது, உங்களுக்கு என் உசுரு தெரியாது. அப்படியே ஓடிருச்சு.”

 டாக்டர் நூற்றுப் பன்னிரண்டையும் மனசுக்குள் புரட்டினார்.

“அப்போ... என் விதி?”

சுடலையாண்டி அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

“படத்த இங்கனயே விட்டுட்டுப் போங்க சார். நான் செத்தவனாவே இருந்துக்கிடுதேன்.”