சாரல் மேல் பழி

பீப்... பீப்... பீப்...

பொக்லைன் பக்கெட்டின் இரும்புப் பின்னுக்குக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்த பாண்டியின் கை அப்படியே நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். மேலே கேபினில் சாவியைத் திருகியிருக்கிறார்கள். ஸ்கிரீனில் சிவப்பு எழுத்து வந்திருக்கும். என்ஜின் கிளம்பியிருக்காது.

"என்னலே இது, இன்னைக்குமா?" கேபினுக்குள்ளிருந்து சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி கத்தினார். மெஷின் அவருடையது. பழைய பொக்லைனாக வாங்கி ஓட்டியவர், இப்போது அதைத் தள்ளிவிட்டுக் குற்றாலத்தில் லாட்ஜ் எடுக்கப் பார்க்கிறார். பாண்டி அவருடைய டிரைவர்.

"சாரல்ல வயர் ஈரமாயிருக்கும் அண்ணாச்சி."

"போன தடவ பார்ட்டி வந்தப்பவும் சாரல்னே. அதுக்கு முந்தியும் சாரல்னே. இன்னைக்கு வெயில் மண்டையப் பொளக்கு. இன்னும் எங்கன இருக்குலே சாரலு?"

பாண்டி குனிந்து மறுபடியும் கிரீஸ் அடித்தான்.

வாங்க வந்திருந்த உச்சிமாகாளி கீழப்பாவூர்க்காரர். பட்டாளத்திலிருந்து வந்த கையோடு, சொந்தமாக ஒரு மெஷின் வாங்கி ஓட்ட ஆசை. சும்மா வரவில்லை. வயரிங் பார்க்கிற சுபாஷையும் தென்காசியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அதுதான் பாண்டி எதிர்பார்க்காதது.

மெஷின் போய்விட்டால் டிரைவர் எதற்கு? டிரைவர் இல்லையென்றால், அண்ணாச்சியின் கொட்டகைக்குப் பின்னால் பெண்டாட்டி பிள்ளையோடு குடியிருக்கிற ஒற்றை அறை எதற்கு? காலையிலேயே அண்ணாச்சி சொல்லிவிட்டார்: "யாவாரம் முடிஞ்சுட்டுன்னா நீ வேற எடம் பாத்துக்கடே."

சுபாஷ் கேபினில் ஏறி, டிரைவர் சீட்டைத் தூக்கினான்.

"ஸ்கிரீனும் என்ஜின் கம்ப்யூட்டரும் பேசிக்கிடுததே இந்த ரெண்டு நூல் கம்பி வழியாத்தான். ஒண்ணு விட்டாலும் ரெண்டும் ஊமையாயிரும்."

"பெரிய செலவு வச்சிருமோ?" என்றார் உச்சிமாகாளி.

"பாப்போம் அண்ணே."

மீட்டரை ஒவ்வொரு சாக்கெட்டாக வைத்துக்கொண்டே வந்தான். "இங்கன இருக்கு... இங்கனயும் இருக்கு..."

ஒவ்வொரு 'இருக்கு'க்கும் பாண்டிக்கு உயிர் ஒரு சாண் இறங்கியது. தலையைத் தூக்கி, பக்கெட்டைத் தாங்குகிற நீள இரும்புக் கையான பூமின் அடிப்பக்கத்தை ஒருதரம் பார்த்தான். சட்டென்று பார்வையை எடுத்துக்கொண்டான்.

"ம்ம்... இங்கன இல்ல."

சுபாஷ் ஒரு சாக்கெட்டைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பார்த்தான். "இது தானா விடல அண்ணாச்சி. யாரோ கம்பிய உருவி விட்டிருக்கான். பாருங்க, சாக்கெட்டுக்குள்ள கிரீஸு."

மூன்று பேரும் பாண்டியின் கையைப் பார்த்தார்கள். பாண்டி கையைக் கைலியில் துடைத்தான். துடைத்திருக்கக் கூடாது.

"ஏலே, நன்றி கெட்ட மூதி!" அண்ணாச்சி குதித்து இறங்கினார். "என் எடத்துல இருந்துக்கிட்டு என் யாவாரத்தையே கெடுக்கியா? மனுசன்னா ஒரு நேர்மை வேண்டாமாலே?"



சுபாஷ் கம்பியைச் சொருகினான். பீப் சத்தம் நின்றது. சாவியைத் திருகினதும் என்ஜின் ஒரே உதறலில் கிளம்பிவிட்டது.

உச்சிமாகாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "விடுங்க அண்ணாச்சி, வேல போயிருமேங்கிற பயத்துல செஞ்சிட்டாரு. வே, பயப்படாதேயும். மெஷினோட நீரும் எங்கூட வந்துரும். கீழப்பாவூர்ல வீடு நான் பாத்துத் தாரேன். போதுமா?"

பாண்டி தலையை ஆட்டினான்.

"வேண்டாம் சார்."

"கொழுப்பப் பாத்தீங்களா!" என்றார் அண்ணாச்சி. "அவன் கெடக்கான் தம்பி. நீங்க மெஷினோட ஒரு போட்டோ எடுத்துக்கிடுங்க. ஏலே, ஏறு. பூமைத் தூக்கிக் காட்டு."

உச்சிமாகாளி பூமுக்கு அடியில் போய் நின்று, வீட்டுக்கு அனுப்பச் செல்போனை நீட்டிப் பிடித்துச் சிரித்தார்.

பாண்டி ஏறவில்லை. கிரீஸ் கன்னைப் போட்டுவிட்டு ஓடினான். உச்சிமாகாளியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்தான்.

"ஏலே, பைத்தியமா பிடிச்சிருக்கு ஒனக்கு?" என்று அண்ணாச்சி கத்தினார்.

பாண்டி சுபாஷின் ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிக்கொண்டு மெஷினின் செயின் சக்கரத்தின் மேல் ஏறினான். பூமின் அடியில், அங்கே மட்டும் புதுசாக மின்னிய மஞ்சள் பெயிண்டைச் சுரண்டினான். பெயிண்ட் உரிந்தது. உள்ளே வைத்துப் பூசியிருந்த பட்டி பொலபொலவென்று உதிர்ந்தது. அதற்கும் உள்ளே, நகம் நுழைகிற அகலத்தில், ஒரு முழ நீளத்துக்கு இரும்பு வாய் பிளந்திருந்தது.

"மண்ண அள்ளித் தூக்கையில என்னைக்கு ஒடியும்னு தெரியாது சார்." பாண்டி உச்சிமாகாளியைப் பார்த்தான். "சொன்னா என் ரூம் போயிரும். சொல்லாட்டி கீழ நிக்கவன் உசுரு போயிரும். அதான் யாரு வந்தாலும் கம்பிய உருவி விட்டேன்."

உச்சிமாகாளி பூமை அண்ணாந்து பார்த்தார். செல்போனை மெதுவாகப் பைக்குள் போட்டார்.

அண்ணாச்சி யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"சாரல்ல... துருப் பிடிச்சிருக்கும்" என்றார்.

சுபாஷ் கேபினுக்குள் கையை விட்டான். தான் சொருகிய கம்பியைத் தானே உருவினான். என்ஜின் இருமிக்கொண்டு நின்றது.

பீப்... பீப்... பீப்...

பாண்டி இறங்கி வந்து, மண்ணில் கிடந்த கிரீஸ் கன்னை எடுத்துத் துடைத்தான். பக்கெட்டில் இன்னும் ஒரு பின்னுக்கு அடிக்க வேண்டியிருந்தது.