சுமாராகப் படிக்கிற ஆள்

“அவசரமில்லக்கா, நிதானமா படிங்க” என்று மேனேஜர் ராதிகா போனை என் கையில் கொடுத்தாள்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் உழவர் கம்பெனியின் ஆபீஸ் வாசல். பகல் பன்னிரண்டு மணி வெயில். போனும் வேண்டுமென்றே தேடி எடுத்த பழைய போன், கண்ணாடியெல்லாம் கீறல்.

கம்பெனிக்கு இரண்டு வெப்சைட். கல்வராயன் மலையில் இருக்கிறவர்களுக்கு ஒன்று, கீழே இருக்கிற எங்களுக்கு ஒன்று. எந்தத் தேதியில் எந்த ஊரில் மரவள்ளிக்கிழங்கு எடை போடுவார்கள் என்பது அதில்தான் வரும். இப்போது இரண்டிலும் எழுத்தின் வடிவத்தை மாற்றப் போகிறார்கள். மூன்று வகை எழுத்து எடுத்து வைத்திருந்தார்கள். முதல் இரண்டுக்கும் வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். மூன்றாவது இலவசம்.

தலைவர் ஆதிமூலத்துக்கு முதலாவதுதான் பிடித்திருந்தது. மெல்லிசாக, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. சும்மா கிடைக்கிற எதன் மேலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

யாராவது ஒரு உறுப்பினரைப் படிக்கச் சொல்லலாம், எது தடங்கலில்லாமல் வருகிறதோ அதையே வைத்துவிடலாம் என்று ராதிகாதான் அவரைச் சம்மதிக்க வைத்தாள். எனக்குப் போன் வந்தபோது பின்னாலிருந்து தலைவரின் குரலும் கேட்டது.

“சுமாரா படிக்கிற ஆளுதான் வேணும். அந்த ரிஷிவந்தியத்து சின்னப்பொண்ணு கரெக்டா இருக்கும்.”

சுமாராம்!

எங்கள் தெருவுக்கே பேங்க் கடிதாசி படித்துச் சொல்கிறவள் நான். பத்தாவதில் கணக்கில்தான் கோட்டை விட்டேன். தமிழில் எழுபத்தெட்டு. இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன்.

முதல் பக்கத்தைத் திறந்தேன். பார்த்தேன்.

போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

பிறகு, “எட... எடை... போடு...” என்று இழுத்தேன்.

தலைவர் தொண்டையைச் செருமினார். தேதி வந்த இடத்தில் நின்று, இது மூன்றா எட்டா என்று ராதிகாவையே கேட்டேன். டீ கொண்டுவந்த ஆள்கூட நின்று வேடிக்கை பார்த்தான். எனக்குக் காது சுட்டது.

இரண்டாவதும் அதே கதைதான். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அவமானம் பிடுங்கித் தின்றது.

மூன்றாவது குண்டு குண்டாக, எழுத்துக்கு எழுத்து இடம்விட்டு இருந்தது. ஊர், தேதி, நேரம் எல்லாவற்றையும் கடகடவென்று படித்து முடித்தேன்.

ராதிகா, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று தலைவரிடம் காட்டினாள். அவர் போனை வாங்கி வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“சரி, மூணாவதையே போட்டுடுங்க. ரெண்டு வெப்சைட்டுக்கும்.”

ராதிகா என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். தினம் கொஞ்சம் படித்தால் பழகிவிடும் என்றாள். பிறகு மேஜைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, நோட்டில் பொடிப் பொடியாக ஏதோ எழுதினாள்.

‘சின்னப்பொண்ணு: எழுத்துக்கூட்டியே படிக்கிறார்.’

தலைகீழாகத்தான் தெரிந்தது. ஒரே மூச்சில் படித்துவிட்டேன்.

டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

பக்கத்து வீட்டு ஆயம்மாளுக்குக் கண் மங்கிக்கொண்டு வருவது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. போன தை மாதம் மூன்றாம் தேதியை எட்டு என்று பார்த்துவிட்டு, ஒரு வண்டிக் கிழங்கைப் பிடுங்கிக்கொண்டு போய் ஆளில்லாத இடத்தில் நின்றாள். பிடுங்கின கிழங்கு இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. அத்தனையும் வீண். ஊரில் கேட்டவர்களிடம், வண்டி ரிப்பேர் என்று சொல்லிவிட்டாள். அவ்வளவு ரோஷக்காரி. அவள் பெயரை அந்த ஆபீசில் நான் எப்படிச் சொல்வேன்?

தினமும் சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்க்கிறவள். அவள் எந்தெந்த எழுத்தில் தடுக்குவாள் என்று எனக்குத் தெரியாதா? அங்கெல்லாம் நானும் தடுக்கினேன். அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டில் நின்று அவளுக்குப் போன் போட்டேன்.

“ஆயம்மா, புது எழுத்து வருது. இனிமே நீயே படிச்சிக்கோ. என் வூட்டாண்ட வந்து நிக்காத.”

“இன்னாடி, ஒரு நாளு ஆபீசுல போயி படிச்சிட்டு வந்ததுக்கே இவ்ளோ திமிரா?”

“ஆமா, திமிருதான்” என்றேன்.